‘எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்’ என்ற படிப்பை எப்போது படிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தங்கள் சொந்த வேகத்தில் முடிக்கும் ஆன்லைன் கோர்ஸ்கள் பற்றிப் பெற்றோரும் மாணவர்களும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. விடுமுறையில் மூன்று ஆன்லைன் கோர்ஸ்களில் சேர்ந்தாள். முதல் வாரம் ராப்பகலாகப் பார்த்தாள். மூன்றாவது வாரத்துக்கு மேல் ஒன்றுகூட நகரவில்லை. அவள் சோம்பேறி இல்லை. பள்ளி வீட்டுப்பாடத்தை யாரும் சொல்லாமலே முடித்துவிடுவாள். இதில் மட்டும் ஏன் இப்படி?

பள்ளிப் பாடத்தை யாரும் சொல்லாமல் முடிக்கிறாள் என்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லையே தவிர, சொல்வதற்கு அங்கே நிறைய இருக்கிறது. மணி அடிக்கிறது, நாளைக்கு டெஸ்ட் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறது, பக்கத்தில் இருக்கிற தோழி நோட்டைத் திறந்துவிட்டாள். இந்தச் சின்னச் சின்ன நெருக்கடிகள்தான் வேலையை நகர்த்துகின்றன. சுயவேகக் கோர்ஸில் இவை எதுவும் கிடையாது. அந்த வெற்றிடத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் நிரப்ப வேண்டும்.

இது இணையம் வந்த பிறகு முளைத்த சிக்கலும் இல்லை. ஃப்ரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், மாணவர் தன் வேகத்தில் ஓர் அலகைப் படித்து, தேர்வு எழுதித் தேறிய பிறகே அடுத்த அலகுக்குப் போகும் முறையை 1968-ல் கட்டுரையாக வெளியிட்டார். பல கல்லூரிகள் அதைப் பின்பற்றின. மாணவர்கள் நன்றாகக் கற்றார்கள், ஆனால் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் ஆசிரியர்களே நடுநடுவே கெடு வைக்க வேண்டிவந்தது. இன்றைய நிலவரமும் அதுதான். எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் எடெக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் நடத்திய கோர்ஸ்களை அலசிய கட்டுரை ஒன்று 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2017–18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில்கூடப் பாதிக்கு மேல் முடிக்கவில்லை. ஆகவே மகளைக் குறை சொல்லாதீர்கள்.

முதல் வேலை, மூன்றில் இரண்டை மூடுவது. பள்ளி நடக்கும் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரு கோர்ஸ் போதும்.

இரண்டாவது வேலை, கணக்குப் போடுவது. கோர்ஸ் பக்கத்தில் ‘6 வாரம்’ என்று போட்டிருப்பதை நம்பி நாள் குறிக்காதீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்து வீடியோ நேரத்தைக் கூட்டுங்கள். 12 அலகு, ஒவ்வொன்றிலும் பத்து நிமிட வீடியோ ஆறு என்று வைத்துக்கொள்வோம். வீடியோ மட்டும் 12 மணி நேரம். கணிதம், இயற்பியல், வேதியியல் என்றால் இதை மூன்றால் பெருக்குங்கள். நிறுத்திப் பார்ப்பது, கணக்குப் போடுவது, தப்பானதைத் திரும்பப் போடுவது எல்லாம் சேர்த்து 36 மணி நேரம் ஆகும். வரலாறு, பொருளாதாரம் போன்றவற்றுக்கு இரண்டால் பெருக்கினால் போதும். இனி வாரத்துக்கு மூன்று அமர்வு, அமர்வுக்கு 50 நிமிடம் என்றால் வாரம் இரண்டரை மணி நேரம். 36-ஐ இரண்டரையால் வகுத்தால் பதினான்கரை வாரம். நடுவில் பள்ளித் தேர்வு, உடம்பு சரியில்லாத நாள் என்று இரண்டு மூன்று வாரம் போகும். ஆக 17 வாரம். ஆறு வாரத்தில் முடிக்கப் போகிறோம் என்று நினைத்துத் தொடங்கியவள் ஆறாவது வாரம் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டாள். ‘பின்தங்கிவிட்டோம்’ என்ற எண்ணம் வந்ததும் திறக்கவே மனசு வராது. பலர் நிறுத்துவது பாடம் கடினமாக இருப்பதால் அல்ல, இந்தத் தப்புக் கணக்கால்தான்.

மூன்றாவதாக, கிழமையும் நேரமும் நிலையாக இருக்கட்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் கிடைக்கவே கிடைக்காது. செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொண்டால் ஒன்று தவறினாலும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. தினமும் அரை மணி என்ற திட்டம் பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு நாள் விட்டால் குலைந்துவிடும். ஒவ்வொரு நான்காவது வாரமும் புதுப் பாடம் வேண்டாம். பாக்கியை முடிக்க அதை ஒதுக்குங்கள். பாக்கி இல்லையென்றால் அவளுக்கு அது விடுமுறை.

அந்த 50 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் போன முறை படித்ததைப் பார்க்காமல் மூன்று நான்கு வரி எழுதுவது. அடுத்து 15–20 நிமிடம் வீடியோ. பிறகு 20 நிமிடம் திரையைக் கவிழ்த்துவிட்டுப் பயிற்சி. கடைசி ஐந்து நிமிடத்தில் ‘அடுத்து நான்காவது வீடியோ, ஏழாவது கணக்கிலிருந்து’ என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போய், தேடும்போது வேறு ஏதாவது கண்ணில் பட்டு, அமர்வு முடிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது.

உங்கள் பங்கு ஒன்றே ஒன்றுதான். தினமும் ‘படிச்சியா?’ என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, இந்த வாரம் எந்தக் கணக்கு தப்பாகப் போனது, ஏன் என்று அவளையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாவிட்டால் இன்னும் நல்லது, புரியும்படி சொல்ல வேண்டிவரும்.

பதினோராம் வகுப்பு படிக்கிறேன். இயற்பியல் கோர்ஸில் வீடியோ பார்க்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது. குவிஸில் உட்கார்ந்தால் பாதிக்குப் பாதி தப்பு. திரும்பவும் அதே வீடியோவைப் பார்த்தால் மறுபடி புரிகிறது. என்ன செய்வது?

திரும்பப் பார்ப்பதை நிறுத்துங்கள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் ஒவ்வொரு படியையும் சரியான இடத்தில் எடுத்து வைக்கிறார். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வேலையை அவரே செய்துவிடுகிறார். குவிஸில் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். அதற்கு இதுவரை பழக்கமே ஏற்படவில்லை.

2006-ல் ரோடிகர், கார்பிகே என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஓர் உரைப்பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. திரும்பப் பார்த்ததும் ‘புரிகிறது’ என்று தோன்றுகிறதே, அது அந்த ஐந்து நிமிடக் கணக்குதான்.

ஓர் உதாரணம் பாருங்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் பிரேக் போடுகிறார்கள். ஒவ்வொரு நொடிக்கும் வேகம் நொடிக்கு 4 மீட்டர் வீதம் குறைகிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போகும்? ஆசிரியர் கேள்வியைப் படித்து முடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். தாளில் போடுங்கள். 20-ஐ 4-ஆல் வகுத்து 5 நொடி என்று வரும்வரை பலருக்குச் சரியாகவே வரும். அடுத்துத்தான் 20-ஐ 5-ஆல் பெருக்கி 100 மீட்டர் என்று எழுதுவார்கள். வண்டி அந்த 5 நொடியும் 20-லேயே ஓடவில்லை. 20-லிருந்து சுழிக்குச் சீராக இறங்கியது. சராசரி 10, ஆகவே விடை 50 மீட்டர். வீடியோவை நிறுத்தாமல் பார்த்திருந்தால் ஆசிரியர் சூத்திரத்தில் போட்டு 50 என்று காட்டியிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். வேகம் மாறும்போது ஆரம்ப வேகத்தால் பெருக்கக் கூடாது என்பது உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்ற செய்தி வெளியே வந்திருக்காது. அந்த 100 என்ற தப்பு விடைதான் அன்றைய பாடத்தில் உங்களுக்குக் கிடைத்த உருப்படியான பொருள். அழிக்காதீர்கள்.

இதற்கென்று தனி நோட்டு ஒன்று போடுங்கள். கணக்கு, நான் போட்டது, எங்கே முதல் தப்பு, அது எந்த வகை. வகை நான்கு போதும்: கேள்வியைத் தப்பாகப் படித்தது, கருத்து புரியாதது, பழைய வகுப்புப் பாடம் மறந்தது, கூட்டல் கழித்தல் பிழை. இரண்டு வாரம் எழுதினால் எது அதிகம் என்று தெரிந்துவிடும். மருந்து அதற்கேற்ப மாறும். மூன்றாவது வகைதான் அதிகம் என்றால் இந்தக் கோர்ஸை எத்தனை முறை பார்த்தும் பயன் இல்லை. பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்குப் போய் வர வேண்டும்.

தப்பான கணக்கை மறுநாள், பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டு, பழைய விடையை மறைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து சரியாக வந்தால் அடித்துவிடலாம். குவிஸை உடனே மறுபடி எழுதுவதில் ஒரு கேடு உண்டு: பல தளங்களில் அதே கேள்விகள் வரும், விடை எண் நினைவிருக்கும், மதிப்பெண் ஏறும். குறைந்தது ஒரு நாள் விட்டு எழுதுங்கள்.

வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாமா?

ஏற்கெனவே தெரிந்த பாடத்தைப் புரட்டிப் பார்க்க, ஓடவிடலாம். கதைபோல் விளக்கிச் செல்லும் பாடங்களுக்கு ஒன்றரை மடங்கு வரை சரி. பலகையில் படிப்படியாக நிறுவும் கணிதத்துக்கு இயல்பான வேகமே நல்லது. மிச்சமாகும் நேரம் பயிற்சிக்குப் போகிறதா, அடுத்த வீடியோவுக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வீடியோவுக்குப் போனால் மிச்சம் பிடித்ததில் லாபம் எதுவும் இல்லை.

மகன் படிக்கும் பள்ளியில் ஒரு பாடம் இல்லை. அதை ஆன்லைனில் படித்தால் பள்ளி மதிப்பெண் பட்டியலில் சேருமா? சான்றிதழ் தருகிறோம் என்று எல்லாத் தளங்களும் சொல்கின்றனவே?

சான்றிதழ் வேறு, பாடக் கணக்கில் சேர்வது வேறு. கோர்ஸை முடித்ததற்கான சான்றிதழ், இவர் இவற்றைப் பார்த்து இத்தனை மதிப்பெண் எடுத்தார் என்று அந்தத் தளம் சொல்வது, அவ்வளவுதான். பள்ளி அதைக் கணக்கில் எடுக்க வேண்டுமானால் கோர்ஸை நடத்தும் நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும், பெயர் சொல்லக்கூடிய ஆசிரியர் திருத்தியிருக்க வேண்டும், அநேகமாகக் கண்காணிப்புடன் நடந்த தேர்வும் இருக்க வேண்டும். எந்தத் தளத்துக்கு எந்த அமைப்பு அங்கீகாரம் தந்திருக்கிறது என்பதை அந்த அமைப்பின் பட்டியலிலேயே சரிபாருங்கள். கோர்ஸ் பக்கத்தில் இருக்கும் முத்திரைப் படம் போதாது.

சேர்வதற்கு முன்பே பள்ளியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல், தலைமையாசிரியர் மாறினால் போய்விடும். கேட்க வேண்டியவை: இந்தக் கோர்ஸ், இந்த நிறுவனம், இந்த ஆண்டு – ஏற்பீர்களா? மதிப்பெண்ணாக ஏற்பீர்களா, தேர்ச்சி என்று மட்டும் போடுவீர்களா? எந்தத் தேதிக்குள் மதிப்பெண் பட்டியல் வந்து சேர வேண்டும்? அறிவியல் என்றால் செய்முறைக்கு என்ன வழி?

கால அளவையும் பாருங்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆண்டு அலகு என்பது 120 மணி நேர வகுப்பு என்ற அளவு, 1906-ல் கார்னகி அறக்கட்டளை வகுத்ததிலிருந்து வழக்கில் இருக்கிறது. ‘ஓர் ஆண்டுப் பாடம், இருபது மணி நேரத்தில் முடிக்கலாம்’ என்று ஒரு கோர்ஸ் சொன்னால், எந்தப் பள்ளியானாலும் அதை ஒதுக்கிவைக்கத்தான் வாய்ப்பு அதிகம். 120 மணி நேரத்தை 16 வாரத்தில் முடிக்க வாரம் ஏழரை மணி நேரம் வேண்டும். பள்ளியோடு சேர்த்துச் செய்யும்போது இது பெரிய சுமை. 36 வாரமாக விரித்தால் வாரம் மூன்று மணி இருபது நிமிடம்.

சின்ன விஷயம்தான், ஆனால் பலர் இதில் அகப்படுகிறார்கள்: தளத்தில் கணக்குத் தொடங்கும்போது பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரை, அதே ஸ்பெல்லிங்கில், அதே தலைப்பெழுத்தோடு கொடுங்கள். செல்லப்பெயரில் சேர்ந்து, சான்றிதழும் அதே பெயரில் வந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. பாடத்திட்டம், தேர்வுத்தாள், திருத்திய அசைன்மென்ட் எல்லாவற்றையும் அவ்வப்போது இறக்கிச் சேமியுங்கள். கோர்ஸ் முடிந்ததும் சில தளங்களில் உள்ளே போக முடியாது. எடெக்ஸில் இலவசமாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு காலக்கெடு உண்டு, மதிப்பெண் தரும் பயிற்சிகளும் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். கோர்செரா தளத்தில் காட்டும் தேதிகள் பல கோர்ஸ்களில் வெறும் பரிந்துரை. தாண்டினால் திருப்பி அமைத்துக்கொள்ளலாம். ‘சுயவேகம்’ என்ற ஒரே பெயருக்குள் இத்தனை வகை இருக்கிறது. சேருமுன் உள்ளே நுழையும் உரிமை எந்தத் தேதி வரை என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவைப்பது அவசியம்.

தமிழ் வழியில் படிக்கிறேன். நல்ல கோர்ஸ்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் இன்னும் குழம்புகிறது.

குழம்பத்தான் செய்யும். தானியங்கி மொழிபெயர்ப்புக்குப் பாடநூல் தெரியாது. விசை, ஆற்றல், திறன் என்று உங்கள் புத்தகத்தில் மூன்று தனித்தனிச் சொற்களாக இருப்பவை மூன்றும் சப்டைட்டிலில் ‘சக்தி’ என்றே வரக்கூடும். அந்த ஒரு சொல்லில் பாடமே கவிழ்ந்துவிடும். தமிழ் சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஆங்கில சப்டைட்டிலைப் போடுங்கள்.

தொடக்கத்தில் புதுப் பாடத்தை எடுக்காதீர்கள். பள்ளியில் தமிழில் நன்றாகப் படித்து முடித்த ஒரு பாடத்தையே ஆங்கிலக் கோர்ஸில் பாருங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியை மட்டும் கவனிக்கலாம். இரண்டு மூன்று அலகு இப்படிப் போனால் காது பழகிவிடும்.

வீடியோவுக்கு முன் அதன் எழுத்து வடிவத்தைப் படியுங்கள். பெரிய தளங்களில் வீடியோவுக்குக் கீழே அல்லது பக்கத்தில் டிரான்ஸ்கிரிப்ட் இருக்கும். பல இடங்களில் ஒரு வரியைத் தொட்டால் வீடியோ அந்த இடத்துக்கே போகும். தெரியாத சொற்களை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஒன்று பாடச் சொற்கள். பக்கத்தில் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லை எழுதுங்கள், ஓர் அலகுக்கு இருபது முப்பதுக்கு மேல் வராது. இன்னொன்று இணைக்கும் சொற்கள்: ‘அட் லீஸ்ட்’, ‘அட் மோஸ்ட்’, ‘அன்லெஸ்’, ‘ப்ரொவைடட் தட்’ போன்றவை. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இரண்டாவது பட்டியலால்தான். ‘அட் மோஸ்ட் 5’ (5 அல்லது அதற்குக் கீழ்) என்பதை 5-க்கு மேல் என்று எடுத்துக்கொண்டால் கணிதம் எவ்வளவு தெரிந்தும் விடை தப்பு. குறிப்பை எந்த மொழியில் எடுப்பது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். விளக்கம் தமிழில், பாடச் சொல் இரண்டு மொழியிலும், கணக்குப் படிகள் கோர்ஸில் இருப்பதுபோல்.

கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான். டேட்டாவும் குறைவு. முடியுமா?

வீடியோ, வாசிப்பு, சரியான விடையைத் தேர்வு செய்யும் குவிஸ், இவை போனில் முடியும். நிரல் எழுதுவது, நீண்ட கட்டுரை, வரைபடத்தில் புள்ளியை இழுத்து வைக்கும் பயிற்சி ஆகியவை போனில் நொந்துபோகச் செய்யும். அவற்றுக்கு வாரம் ஒருநாள் பள்ளியிலோ நூலகத்திலோ கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று பார்த்து, பயிற்சிகளைச் சேர்த்துவைத்து அன்றைக்கு முடியுங்கள்.

டேட்டா கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. வீடியோவின் தரத்தைக் குறைத்தால் இதுவும் குறையும். 480-க்குப் பதில் 360-ல் வைத்து, பலகையில் உள்ள ஆகச் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடிந்தால் போதும். குரல் தெளிவாக இருப்பதுதான் முக்கியம். படம் மங்கினாலும் சமாளிக்கலாம். கான் அகாடமி, கோர்செரா, எடெக்ஸ் செயலிகளில் வீடியோவை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம். வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இறக்குங்கள். குவிஸுக்குப் பெரும்பாலும் இணைப்பு வேண்டும், அதற்கு டேட்டா அதிகம் செலவாகாது. படிக்கும் நேரத்தில் மற்றச் செயலிகளின் அறிவிப்புகளை முடக்குங்கள். போனில் படிப்பவர்களுக்கு டேட்டாவைவிடப் பெரிய பகை அதுதான்.

அறிவியல் செய்முறையை ஆன்லைனில் பழக முடியுமா என்று கேட்ட மாணவருக்கும் இங்கேயே பதில்: கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மின்சுற்று, அலை, வேதிச் சமநிலை போன்றவற்றுக்கு திரையிலேயே செய்து பார்க்கும் இலவச உருவகப் பயிற்சிகள் (சிமுலேஷன்) உள்ளன, பல போனிலும் ஓடும். கருத்து புரிய மிக நல்லவை. ஆனால் அங்கே ஒயர் தளர்வதில்லை, அளவெடுப்பதில் பிழை வருவதில்லை. ஆய்வகப் பழக்கத்துக்கு அவை ஈடாகாது.

பத்தாம் வகுப்பு. நிரல் எழுதிப் பழக்கமே இல்லை. ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகக் கோர்ஸான சிஎஸ்50எக்ஸை எல்லாரும் சொல்கிறார்கள். சேரலாமா?

சேரலாம். எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். அங்கே வாரங்களைச் சுழியிலிருந்து எண்ணுகிறார்கள். சுழியாவது வாரம் ஸ்கிராட்ச். கட்டங்களை இழுத்து ஒட்டுவது, உற்சாகமாகப் போகும். அடுத்த வாரமே சி மொழி. நான்காவது வாரத்தில் நினைவகமும், அதில் உள்ள இடத்தைச் சுட்டும் பாயின்டரும், ஐந்தாவதில் தரவுக் கட்டமைப்புகள். பைத்தான் ஆறாவதில்தான் வருகிறது. புதியவர்கள் மூட்டை கட்டுவது பெரும்பாலும் நான்கு, ஐந்தில்தான். அங்கே திணறுவது மூளைக் குறைவால் அல்ல. ‘வாரம்’ என்பது அங்கே பாடத்தின் பெயர். அதை ஏழு நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளி மாணவர் ஒரு வாரப் பாடத்துக்கு இரண்டு முதல் மூன்று வாரம் எடுத்துக்கொள்வதே சரி. விரிவுரையே சுமார் இரண்டு மணி நேரம். ஒரே மூச்சில் பார்க்காமல் நான்காகப் பிரியுங்கள்.

முன்பழக்கம் இல்லை என்பதால் எங்கள் யோசனை: அதே குழுவின் பைத்தான் கோர்ஸான சிஎஸ்50பி-யை முதலில் முடியுங்கள். நிபந்தனை, சுழற்சி, ஃபங்ஷன் எல்லாம் கைக்கு வந்தபின் சி மொழியின் கடினம் பாதியாகக் குறையும்.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால் 25 நிமிடம் தனியாக முயலுங்கள். பிழைச்செய்தியின் வரி எண்ணைப் பாருங்கள். சந்தேகம் உள்ள இடத்தில் மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். அதற்கு மேல் போனால் உதவி கேளுங்கள், ஆனால் ‘வேலை செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். என்ன வர வேண்டும், என்ன வருகிறது, எந்த உள்ளீட்டுக்கு, இதுவரை என்ன செய்து பார்த்தேன் என்று நான்கு வரி எழுதுங்கள். எழுதும்போதே விடை பிடிபட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். இணையத்தில் முழு விடையும் கிடைக்கும். அதைப் பார்த்து எழுதிச் சமர்ப்பிப்பது கோர்ஸ் விதிகளுக்கு எதிரானது.

மாணவர்கள் ஏஐ-யிடம் கேட்டு விடை எழுதிவிடுகிறார்கள். ஆசிரியராக எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஏஐ எழுதியதா என்று சொல்லும் மென்பொருள்கள் தவறு செய்கின்றன. தானே எழுதிய பிள்ளைமேல் பழி விழுந்தால் அந்தக் காயம் ஆறாது. சோதிக்கும் முறையை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம். அவர் சரியாகப் போட்டதாகக் காட்டும் இரண்டு கணக்குகளை எடுத்து எண்ணை மாற்றிக் கொடுங்கள். ஒரு படியைச் சுட்டி, ‘இங்கே ஏன் வகுத்தாய்?’ என்று கேளுங்கள். சொந்தமாகப் போட்டவர் தடுமாறினாலும் காரணம் சொல்வார். இப்படி ஒரு பத்து நிமிடம் வரப்போகிறது என்று தெரிந்தாலே பலர் தாளை எடுப்பார்கள்.

முழுக்கத் தடை போடுவதும் நடக்காத காரியம். வரிசையை மட்டும் கறாராக வையுங்கள்: முதலில் தாளில் சொந்த முயற்சி. பிறகு அந்தத் தப்பு விடையை ஏஐ-க்குக் கொடுத்து, ‘முதல் தப்பு எந்த வரியில் என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே’ என்று கேட்கலாம். அதே மாதிரி இன்னும் ஐந்து கணக்குக் கேட்கலாம். அது தரும் விடைகளையும் சரிபார்க்க வேண்டும். தப்பான விடையைத் தயங்காமல் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு.

ஒரு கோர்ஸைப் பாதியில் விடுவது தப்பா? எப்போது விடலாம்?

தப்பில்லை. இரண்டாவது அலகு முடியும்போது முடிவெடுங்கள். அதற்கு முன் அவசரம், ஆறாவது அலகுக்குப் பிறகு தாமதம். உங்கள் தப்புகளில் பாதிக்கு மேல் பழைய வகுப்புப் பாடத்தால் வருகின்றன என்றால் நிறுத்திவிட்டு அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள். பயிற்சிக்கு விடை மட்டும் தந்து, ஏன் என்று விளக்காத கோர்ஸ் என்றால் வேறு தேடுங்கள். இரண்டும் இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். நின்ற இடத்தையும் தேதியையும் எழுதிவைத்து, நினைவூட்டும் மின்னஞ்சல்களை நிறுத்திவிடுங்கள்.

பல மாதம் கழித்துத் திரும்ப எடுக்கிறீர்களா? முதல் வீடியோவிலிருந்து தொடங்க வேண்டாம். பழகிய பாடத்தைப் பார்த்து அலுத்து மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். ஒவ்வொரு அலகின் இறுதித் தேர்வையும் வரிசையாக எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த அலகில் முதன்முதலாக 80 சதவீதத்துக்குக் கீழே போகிறதோ, அந்த அலகின் முதல் வீடியோவிலிருந்து தொடங்குங்கள்.